ஏழே முக்கால் பஸ்ஸில் நாலு பேர்

1

வெலிங்டனில் நான் வேலைக்குச் சேர்ந்து பன்னிரண்டு வருடம் முடிந்த அன்று, எனக்கு நானே இனிப்பு வாங்கிக்கொண்டு அலுவலகம் போனேன். இங்கே அதுதான் வழக்கம். யாருக்குக் கொண்டாட்டமோ அவர்தான் கேக் கொண்டுவந்து மற்றவர்களுக்கு ஊட்டாத குறையாகக் கொடுக்க வேண்டும். வந்த புதிதில் இது தெரியாமல், முதல் வருட நிறைவன்று யாராவது ஏதாவது தருவார்கள் என்று சாயங்காலம் வரை காத்திருந்து வெறுங்கையோடு வீட்டுக்குப் போனவன் நான். இந்த முறை விவரமாக மைசூர்பாகு வாங்கிப் போயிருந்தேன். எங்கள் பிரிவின் தலைவி ஹெலன் ஒரு துண்டை வாயில் போட்டு, கண்ணை மூடி, இதை ஏன் இத்தனை வருடம் மறைத்து வைத்திருந்தாய் என்று கேட்டார்.

அந்த நேரத்தில்தான் ஊரிலிருந்து மல்லிகா அக்காவின் குரல் செய்தி வந்தது. இங்கே மதியம் இரண்டேகால், அங்கே காலை ஏழே முக்கால். அக்கா பஸ் ஏறும் நேரம். கீழ்பென்னாத்தூருக்கு உள்ளே தள்ளியிருக்கிறது எங்கள் ஊர். அங்கிருந்து திருவண்ணாமலைக்குப் போகும் அந்த டவுன் பஸ்ஸில்தான் அக்கா தினமும் வேலைக்குப் போகிறாள். டவுனில் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் புடவைப் பிரிவில் இருக்கிறாள். ஒன்பது மணிக்குக் கடை திறக்கும்போது எல்லோரும் உள்ளே இருக்க வேண்டும் என்பது அங்கே சட்டம்.

வழக்கமாகச் செய்தியில் முதலில் விசில் சத்தம், பிறகு யாரோ யாரையோ தள்ளி நிற்கச் சொல்லும் சத்தம், அதற்குப் பிறகு அக்கா. அன்றைக்கு எடுத்த எடுப்பில் அக்கா.

“டேய் சேகரு, இன்னாடா உங்க ஊரு லைப்ரரி இப்பிடிப் பண்ணிட்டுது? எங்க ஏழே முக்கால் வண்டிய நிறுத்தப் போறாங்களாம். கேட்டா ஆராய்ச்சி சொல்லுதுன்றாங்க. அந்த ஆராய்ச்சி நல்லாருக்குன்னு நியூசிலாந்துலயே சொல்லிட்டாங்களாம். நீ அங்கதான இருக்க, எவன் சொன்னான்னு பாத்துச் சொல்லு.”

அந்த வண்டியை விட்டால் அடுத்தது ஒன்பதே காலுக்கு. அது போய்ச் சேரும்போது கடையில் முதல் புடவையை மடித்து வைத்திருப்பார்கள். பஸ் நின்றால் அக்காவின் வேலை போகும். மைசூர்பாகு டப்பாவை மூடி வைத்துவிட்டு என் இடத்துக்குப் போனேன்.

2

என் வேலை என்ன என்று ஊரில் கேட்பவர்களுக்கு ‘லைப்ரரியில் இருக்கிறேன்’ என்று சொல்லி முடித்துக்கொள்வேன். கொஞ்சம் விரித்துச் சொன்னால் இப்படி: ஒரு பல்கலைக்கழக நூலகத்தில், அரசாங்கங்கள் என்ன செய்யலாம், என்ன செய்யக்கூடாது என்று ஆலோசனை சொல்லும் ஆய்வு அமைப்புகளின் அறிக்கைகளைத் தேடி எடுத்து, படித்து, நம்பலாமா கூடாதா என்று குறி போட்டுப் பட்டியலில் சேர்ப்பது. பச்சை என்றால் நம்பலாம், மஞ்சள் என்றால் கவனமாகப் படி, சிவப்பு என்றால் தள்ளியே நில். மாணவர்களும் அதிகாரிகளும் அந்தப் பட்டியலைப் பார்த்துத்தான் மேற்கோள் காட்டுவார்கள்.

இந்த அமைப்புகளைத் தமிழில் சிந்தனைக் குழாம் என்று அழகாகச் சொல்கிறார்கள். ஆங்கிலத்தில் திங்க் டேங்க். ஒருமுறை அக்காவிடம் அந்தப் பெயரைச் சொன்னபோது, தண்ணி டேங்க் மாதிரியா என்றாள். கிட்டத்தட்ட அப்படித்தான், சிலது நிறைந்திருக்கும், சிலது காலியாக நின்றுகொண்டு பெயிண்ட் மட்டும் பளபளக்கும் என்றேன். மேல ஏறிப் பாத்தாதான் தெரியும் என்று சொல்லிவிட்டு அவள் அடுத்த பேச்சுக்குப் போய்விட்டாள்.

ஏறிப் பார்ப்பதற்கு எங்களிடம் ஒரு படிவம் இருக்கிறது. அறிக்கைக்குப் பணம் யார் தந்தது, அதை வெளியே சொல்லியிருக்கிறார்களா? எழுதியவர்கள் யார்? யாரைக் கேட்டார்கள், எப்படிக் கேட்டார்கள்? தங்களுக்குத் தெரியாதது எது என்று ஒப்புக்கொள்கிறார்களா? கடைசியில் சொல்லும் முடிவு, கையில் இருக்கும் ஆதாரத்தை விட்டுவிட்டு நாலு தெரு தள்ளி ஓடுகிறதா? இவ்வளவுதான். தேடுவதற்கும் ஒரு வழி உண்டு. இணையத்தில் தேடினால் முதலில் வந்து நிற்பது, முன்னால் வந்து நிற்க வசதி உள்ள அமைப்புகள். அதனால் நான் பின்வாசல் வழியாகப் போவேன். சட்டமன்றக் குழுக்கள் முன் யார் யார் மனு வைத்தார்கள், யார் யாரை அடிக்குறிப்பில் காட்டுகிறார்கள் என்று பார்த்து, ஒரே கேள்விக்கு எதிரெதிர்க் கட்சிக்காரர்கள் எழுதிய இரண்டு அறிக்கைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிப்பேன்.

இந்தச் சந்தேகப் புத்தி எனக்குப் படிப்பால் வந்ததில்லை. கல்லூரியில் படிக்கும்போது திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜில் பௌர்ணமிக்குப் பௌர்ணமி வரவேற்பு மேசையில் உட்கார்வேன். மறுநாள் காலைப் பேப்பர்கள் வரும். கிரிவலம் வந்த கூட்டம் இவ்வளவு என்று ஒரு பேப்பர் சொல்லும், இன்னொன்று அதைப்போல இரண்டு மடங்கு சொல்லும். எல்லோரும் ஒரே மலையைத்தான் சுற்றினார்கள். எதிர்க்கடை டீ மாஸ்டர் மட்டும் பேப்பரைப் பார்க்கவே மாட்டார். காலியான பால் கவர்களை எண்ணிப் பார்த்து, போன மாசத்தை விட ஜாஸ்தி அல்லது கம்மி என்று ஒரே வார்த்தையில் முடிப்பார். அவர் சொன்னது தப்பி நான் பார்த்ததில்லை.

3

குரல் செய்திக்குப் பின்னாலேயே அக்கா அனுப்பியிருந்த அறிக்கையைத் திறந்தேன். அட்டையில் ஒரு பஸ் சிரித்துக்கொண்டு நின்றது. எங்கள் பக்கத்து வண்டி இல்லை, நிறத்திலேயே தெரிந்தது. உள்ளே, வடதமிழ்நாட்டு மாவட்டம் ஒன்றின் கிராமப்புறப் பஸ் தடங்கள் என்று மட்டும் இருந்தது. தடங்களுக்குப் பெயர் இல்லை, எண்கள்தான். கூடவே வந்த போக்குவரத்துக் கழகத்தின் கடிதத்தில்தான் ஏழாம் எண் தடம் எங்களுடையது என்று இருந்தது. காலை ஏழே முக்கால் நடையைத் தொடர்ந்து பயன்படுத்துபவர்கள் நான்கு பேர் மட்டுமே, எனவே அதை நிறுத்திவிட்டு வேறு தடத்துக்கு விடலாம் என்பது பரிந்துரை.

நான்கு பேர். நான் அந்தப் பஸ்ஸில் மூன்று வருடம் கல்லூரிக்குப் போனவன். அதில் உட்கார்ந்து போனது எத்தனை முறை என்று கேட்டால் விரல் விட்டுச் சொல்லிவிடுவேன். எனக்கு அந்த வண்டியைப் பிடிக்கவே பிடிக்காது. என் பழைய சட்டைகளில் பாதி, படிக்கட்டுக் கம்பியில் மாட்டித்தான் கிழிந்தன.

கடிதத்தின் கடைசிப் பத்தியில் எங்கள் நூலகத்தின் பெயர் இருந்தது. இந்த அறிக்கை அதன் பரிந்துரைப் பட்டியலில் இடம்பெற்றது என்று பெருமையாகப் போட்டிருந்தார்கள். எவன் சொன்னான் என்று அக்கா கேட்டாளே, அதைப் பார்த்துவிடலாம் என்று பட்டியலைத் திறந்தேன். அறிக்கைக்கு எதிரே அழகான பச்சைக் குறி. மதிப்பீடு செய்தவர் என்ற இடத்தில் என் பெயர்.

சத்தியமாக எனக்கு ஞாபகமே இல்லை. படிவத்தைப் பார்த்தேன். ஒரு வெள்ளிக்கிழமை மதியம் நிரப்பியிருக்கிறேன். அதுவே பாதி கதையைச் சொல்லிவிட்டது. பணம் தந்தவர் பெயர் சொல்லப்பட்டுள்ளது, சரி. எழுதியவர்கள் படித்தவர்கள், சரி. ஆய்வின் குறைகள் என்று ஒரு பத்தி உண்டு, சரி. கேட்ட கேள்விகளும் வந்த பதில்களும் பின்னிணைப்பாக உள்ளனவா? உள்ளன, சரி. பின்னிணைப்பைத் திறந்து பார்த்தாயா என்று படிவத்தில் கேள்வி இல்லை. நானும் பார்க்கவில்லை.

அக்காவுக்கு அன்று பதில் போடவில்லை. விசாரித்துச் சொல்கிறேன் என்று ஒரு வரி மட்டும் அனுப்பினேன். திருடனே போலீசுக்குப் போன் செய்து விசாரிக்கிறேன் என்று சொன்ன மாதிரி இருந்தது.

4

சனிக்கிழமை நண்பர் வீட்டில் சீமந்தம். கிளம்பும் நேரத்தில் என் மனைவி சுமதி என்னைப் பார்த்து, நாலு பேர் வர்ற இடம், அந்தச் சட்டையை மாத்துங்க என்றாள். வெலிங்டன் காற்றில் எந்தச் சட்டை போட்டாலும் அது கடைசியில் முகத்தில்தான் வந்து ஒட்டும் என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

எங்கள் மகள் யாழினிக்குப் பதினைந்து வயது. தமிழ் புரியும், பேசுவாள், எழுதச் சொன்னால் முகம் தெரியாத உறவினரைப் பார்ப்பதுபோல எழுத்துகளைப் பார்ப்பாள். அவள் போனிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னாள்: “அப்பா, அந்த நாலு பேர் யாரு? சின்ன வயசுலேருந்து சொல்றீங்க. நாலு பேர் என்ன சொல்வாங்க, நாலு பேர் பார்த்தா என்ன நினைப்பாங்க. நான் ஒருத்தரைக்கூட மீட் பண்ணினதே இல்லை.”

சின்னவளாக இருந்தபோது அவள் ஒரு பட்டியலே போட்டு வைத்திருந்தாளாம். பாட்டு டீச்சர், மளிகைக்கடை அங்கிள், அவளுடைய மல்லிகா அத்தை, நான்காவது யார் என்று மட்டும் கண்டுபிடிக்க முடியவில்லை. அந்த நாலாவது ஆள்தான் ரொம்ப ஸ்ட்ரிக்ட் என்று நினைத்துக்கொண்டிருந்தாளாம். பிள்ளை தமிழை விட்டு எவ்வளவு தூரம் போய்விட்டாள் என்று வருத்தப்பட வேண்டிய இடம். நானும் சுமதியும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

சிரித்துக்கொண்டே இருந்தவன் சட்டென்று நிறுத்தினேன். சட்டையை மாற்றப் போனவன், பாதி பொத்தானோடு கணினி முன் உட்கார்ந்தேன். சுமதி கதவருகே நின்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள்.

5

பின்னிணைப்பை அப்போதுதான் முதல்முறையாகத் திறந்தேன். போனில் கேட்ட பதில்களைப் பதிவு செய்து, எங்கேயோ ஒரு பெருநகரத்தில் தமிழ் தெரியாத யாரோ, அல்லது ஏதோ ஒரு மென்பொருள், ஆங்கிலத்தில் எழுதி வைத்திருந்தது. அதை என் தமிழில் திருப்பித் தருகிறேன்.

இந்தப் பஸ்ஸில் எத்தனை பேர் போகிறீர்கள்? நான்கு நபர்கள் போகிறோம், வருகிறோம். அடுத்தவர்: நான்கு நபர்கள் ஏறுவார்கள். அதற்கடுத்தவர்: எல்லாம் நம் ஊர் நான்கு நபர்கள்தான். பக்கம் பக்கமாக இதே பதில். எல்லோரும் ஒரே எண்ணைச் சொன்னதால் தரவு மிகவும் உறுதியானது என்று கீழே ஒரு பாராட்டு.

ஏன் போகிறீர்கள் என்ற கேள்விக்கு ஒரு பெண், பிள்ளை நான்கு எழுத்துகள் படிக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறாள். கல்வித் தேவை: மிகக் குறைவு என்று குறித்திருந்தார்கள். நான்கு இடங்களுக்குப் போனால்தான் நான்கு விஷயங்கள் தெரியும் என்று ஒருத்தி சொன்னதை வைத்து, ஒரு பயணத்துக்கு இறங்கும் இடங்கள் நான்கு என்று ஒரு அட்டவணை. நடந்து போகலாமே என்ற கேள்விக்கு, இருட்டில் தனியாக வந்தால் நான்கு நபர்கள் நான்கு விதமாகப் பேசுவார்கள் என்று ஒருத்தி சொல்லியிருக்கிறாள். அதற்கு ஓர் அடிக்குறிப்பு: பஸ்ஸைப் பயன்படுத்தும் அதே நால்வர் கிராமத்தில் கணிசமான செல்வாக்கு உடையவர்களாகத் தெரிகிறது, இவர்கள் யார் என்பது மேலும் ஆய்வுக்குரியது.

யாழினி தேடிய அதே நாலு பேரை இவர்களும் தேடியிருக்கிறார்கள். அவளாவது மூன்று பேர் வரை கண்டுபிடித்தாள்.

சிரிப்பு அடங்கியதும் வெட்கம் வந்தது. ஆய்வு செய்தவர்களுக்குத் தமிழ் தெரியாது. எனக்குத் தெரியும். இந்தப் பட்டியலில் வேலை செய்கிற அத்தனை பேரிலும் இந்தப் பக்கங்களைத் திறந்த நொடியில் தவறைப் பிடித்திருக்கக்கூடிய ஒரே ஆள் நான். நான்தான் பச்சைக் குறி போட்டேன்.

இதில் என்னைத் திட்டிக்கொள்ள இன்னொரு காரணமும் உண்டு. வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம், நான் நடத்தவிருந்த பயிற்சி வகுப்புக்கு எத்தனை பேர் வருவார்கள் என்று ஹெலன் கேட்டார். நாலு பேர் வருவாங்க என்பதை அப்படியே ஆங்கிலத்தில் சொல்லி வைத்தேன். அவர் நான்கு நாற்காலி போட்டார். அறை வாசல் வரை ஆட்கள் வந்து நின்றார்கள். மாடிக்கும் கீழுக்குமாக நாற்காலி தூக்கிக்கொண்டு ஓடியது ஹெலன்தான். இதே தப்பை என் வாயாலேயே செய்துவிட்டு, பன்னிரண்டு வருடத்தில் மறந்தும்போயிருக்கிறேன்.

6

திங்கட்கிழமை மதியம் அக்காவைக் கூப்பிட்டேன். பஸ்ஸில்தான் இருந்தாள். பக்கத்தில் ஷமீம் அக்கா. டவுனில் தையல் கடையில் பிளவுஸ் வெட்டுபவர், பத்து வருடமாக மல்லிகா அக்காவுக்கு இடம் பிடித்து வைப்பவர். போனில் கணக்கெடுத்தார்களே, என்ன கேட்டார்கள், நீ என்ன சொன்னாய் என்று கேட்டேன்.

“ஒரு பொண்ணு போன் பண்ணுச்சு. எத்தினி பேரு போவீங்கன்னு கேட்டுச்சு. நாலு பேரு போவோம் வருவோம்னு சொன்னேன். வேற இன்னான்னு சொல்லுவாங்க?”

ஷமீம் அக்கா போனை வாங்கிக்கொண்டார். அவரும் அதையேதான் சொல்லியிருக்கிறார். சரியான எண்ணைச் சொல்லியிருக்கலாமே என்றதும் அவருக்கு என் மேல் கொஞ்சம் கோபமே வந்துவிட்டது. “ஏன் தம்பி, வேலைக்குப் போற பொம்பளைங்கள யாராவது ஒண்ணு ரெண்டுன்னு எண்ணிச் சொல்லுவாங்களா? கண்ணு பட்டுடாது?”

இதற்கு எந்த ஆய்வு முறையிலும் பதில் இல்லை. எங்கள் வீட்டில்கூடப் பந்தியில் உட்கார்ந்தவர்களை இலையை வைத்துத்தான் எண்ணுவார்கள், தலையை வைத்து எண்ணினால் அடி விழும்.

பிறகு போன் அக்காவிடம் போனது. சொல்லித்தான் ஆக வேண்டும். அந்த ஆராய்ச்சி நல்லாருக்குன்னு சொன்னது நான்தான், சரியாகப் படிக்காமல் சொல்லிவிட்டேன் என்றேன்.

“நீயாடா?” என்றாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். “ஏய் ஷமீமு, இவன்தான்டி அவன்.” சிரித்து முடித்துவிட்டு, குரலை இறக்கிச் சொன்னாள்: “சரி, போட்டவன் நீ, நீயே எடுத்துடு. எனுக்கு இந்த வேலை வேணும்டா. வீட்ல குந்திக்கினு இருக்க என்னால முடியாது.”

அக்கா என்னிடம் எதையும் கேட்டவள் இல்லை. நான் ஊருக்குப் போகும்போது என்ன வாங்கி வரட்டும் என்றால் ஒன்றும் வேணாம் என்பாள். முதல்முறையாக ஒன்று கேட்டிருக்கிறாள், அதுவும் நான் கெடுத்ததைச் சரிசெய்யத்தான்.

7

அந்த ஆய்வு அமைப்புக்கு எழுதினேன். உங்கள் கருத்து எங்களுக்கு விலைமதிப்பற்றது, பத்து வேலை நாட்களுக்குள் பதில் வரும் என்று அடுத்த நிமிடமே இயந்திரம் பதில் போட்டது. மூன்றாவது கடிதத்துக்கு ஒரு மனிதர் பதில் போட்டார். மரியாதையாகத்தான் எழுதியிருந்தார். நான்கு என்பது நான்கு அல்ல என்பதற்குத் தக்க ஆதாரம் தர இயலுமா என்று கேட்டிருந்தார். அகராதிகளைப் புரட்டி, நாலு என்றால் சில என்றும் பொருள் என்று காட்டும் பக்கங்களை அனுப்பி வைத்தேன். பரிசீலனையில் இருப்பதாக இன்றுவரை தகவல்.

அக்கா அதற்கெல்லாம் காத்திருக்கவில்லை. திங்கட்கிழமைகளில் வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸில் மனு நாள். அடுத்த திங்கள், அந்தப் பஸ்ஸில் போகிற பெண்கள் அப்படியே வேங்கிக்காலில் இறங்கிவிட்டார்கள். நான் ஒரு பக்கத்தில் தமிழில் விளக்கம் எழுதி அனுப்பியிருந்தேன். பதிவு செய்து, டோக்கன் வாங்கி, உட்கார வைத்து, எழுப்பி, வேறு இடத்தில் உட்கார வைத்து, கடைசியில் ஓர் அதிகாரி முன் அக்காவை விட்டார்களாம். யார் யாரம்மா வந்திருக்கீங்க என்று அவர் கேட்டிருக்கிறார்.

“நாங்க நாலு பேரு வந்திருக்கோம் சார்,” என்றிருக்கிறாள் அக்கா.

சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்திருக்கிறது. அதிகாரி கையிலிருந்த என் விளக்கத்தைப் பார்த்திருக்கிறார், ஜன்னல் வழியாக வராந்தா முழுக்க நின்ற கூட்டத்தைப் பார்த்திருக்கிறார், சிரித்துவிட்டாராம். அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. பெண்களுக்கு இலவசப் பயணம் என்றாலும் கண்டக்டர் ஆளுக்கொரு டிக்கெட் கிழித்துத்தானே கொடுக்கிறார், அதை எண்ணினால் தெரிந்துவிடுமே என்று அவரே சொல்லியிருக்கிறார். அது எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். பால் கவர் எண்ணிய டீ மாஸ்டருக்கு உடனே தோன்றியிருக்கும்.

ஆனால் அவர் இன்னொன்றும் கேட்டார். வெளிநாட்டு நூலகம் இதை நல்ல ஆய்வு என்று சொல்கிறதே, அதற்கு என்ன சொல்கிறீர்கள்? கணினியில் எங்கள் பட்டியலைத் திறந்து காட்டியிருக்கிறார். பச்சைக் குறி அப்படியே இருந்தது. அது எங்க தம்பி தெரியாம போட்டதுங்க என்று அக்கா சொல்லியிருக்கிறாள். அப்படியானால் அங்கே மாறட்டும், கோப்பில் வைக்க வசதியாக இருக்கும் என்றாராம்.

அது ஏன் இன்னும் பச்சையாகவே இருந்தது என்று நீங்கள் கேட்கலாம். அதுவரை நான் ஹெலனிடம் சொல்லியிருக்கவில்லை. அந்த அமைப்பே திருத்திவிட்டால் என் பெயர் அடிபடாமல் முடிந்துவிடும் என்று ஓர் ஆசை. பன்னிரண்டு வருடப் பேர். அக்கா வராந்தாவில் டோக்கனோடு உட்கார்ந்திருந்த நேரத்தில் நான் அதைத்தான் காப்பாற்றிக்கொண்டிருந்தேன்.

8

முடிவைச் சொல்லிவிடுகிறேன். பஸ் ஓடுகிறது. டிக்கெட்டை எண்ணிப் பார்த்தார்கள். நடையை நிறுத்தும் யோசனையைக் கைவிட்டார்கள். இப்போது அக்காவின் குரல் செய்திகளில் பழையபடி முதலில் விசில் வருகிறது.

நான் சொல்ல வந்தது அதற்கு முந்தைய ஒரு மதியத்தை. வேங்கிக்காலில் நடந்ததை அக்கா சொல்லி முடித்ததும், திருத்தப் படிவத்தைத் திறந்தேன். ஒரு குறியை மாற்ற எனக்கு ஒரு நிமிடம் போதும். என் பெயரிலேயே நுழைந்து, பச்சையைச் சிவப்பாக்கி, காரணம் என்ற இடத்தில் மொழிபெயர்ப்புப் பிழை என்று எழுதினால் முடிந்தது. யாரும் கேட்கப் போவதில்லை.

ஆனால் படிவத்தின் தலையில் ஒரு கேள்வி உண்டு. எல்லா அறிக்கைக்கும் உண்டு. இந்த ஆய்வின் பொருளோடு உங்களுக்குத் தனிப்பட்ட தொடர்பு ஏதும் உள்ளதா? இந்தப் பன்னிரண்டு வருடமும் இல்லை என்ற கட்டத்தில் கை தானாகவே போய் விழும். இங்கே உள்ள வீட்டு வாடகை பற்றிய ஆய்வா, தொடர்பு இல்லை. எங்கோ ஒரு தீவின் மீன்பிடித் துறைமுகமா, இல்லை. இந்தியாவின் பஸ்களா, அன்றைக்கு ஏழாம் எண் தடம் என்பது எனக்கு வெறும் எண், இல்லை.

ஆம் என்று போட்டால் அந்த அறிக்கையை நான் தொடக்கூடாது. வேறொருவர் புதிதாக மதிப்பிடுவார். என் பழைய குறி ஏன் தவறானது என்பது என் பெயரோடு எல்லோருக்கும் தெரியும்படி பட்டியலிலேயே நிற்கும். படிவத்தோடு ஹெலனின் அறைக்குப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன், நாற்காலிக் கதை உட்பட. அவருக்கு அந்த நாற்காலிகள் நன்றாக ஞாபகம் இருந்தன. தானே மதிப்பிடுவதாகச் சொன்னார், பின்னிணைப்பைத் திறந்தாயா என்று படிவத்தில் ஒரு கேள்வியும் இனி சேரும் என்றார். உன் படிவத்தை நிரப்பி அனுப்பு, மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லி என்னை அனுப்பிவிட்டார்.

என் இடத்தில் வந்து உட்கார்ந்தேன். ஆம் என்ற கட்டத்தை அழுத்தினேன். உடனே கீழே இன்னொரு கட்டம் திறந்தது. இத்தனை வருடத்தில் அப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. தொடர்பு என்ன என்று விவரிக்கவும் என்றது. அந்தப் பஸ்ஸில் என் அக்கா வேலைக்குப் போகிறாள் என்று எழுதினேன். கட்டத்தில் இன்னும் இடம் இருந்தது. நானும் அதில் போனவன் என்று சேர்த்து எழுதி அனுப்பினேன்.